திறக்க மறுப்பது யார்?

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன. இணையத்திலிருந்து டவுன்லோடு செய்த மென்பொருளைத் திறக்கப் போனால் “அனுமதி இல்லை” என்று கணினி மறித்துவிடுகிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வணக்கம் மேடம். என் விண்டோஸ் கணினியை நான் ஒருத்திதான் பயன்படுத்துகிறேன். அட்மின் கணக்கும் என்னுடையதுதான். படங்களின் அளவைக் குறைக்கும் சிறு மென்பொருள் ஒன்றை ஜிப் ஃபைலாக இறக்கி, பிரித்து, டபுள் கிளிக் செய்தேன். “குறிப்பிட்ட சாதனத்தையோ பாதையையோ ஃபைலையோ விண்டோஸால் அணுக முடியவில்லை. உங்களுக்கு உரிய அனுமதி இல்லாமல் இருக்கலாம்” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தாலும் அதேதான். என் கணினியில் எனக்கே யார் அனுமதி தர வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் செய்தியின் கடைசிச் சொல்லை இன்னொரு முறை பாருங்கள். “இல்லாமல் இருக்கலாம்.” ஃபைலைத் தொட முடியவில்லை என்ற அளவுக்குத்தான் விண்டோஸுக்குத் தெரியும். காரணம் என்ன என்று அது ஊகிக்கிறது, அவ்வளவுதான். இந்த ஊகத்தை நம்பித்தான் பலரும் நேராக அட்மின் அதிகாரத்தைத் தேடிப் போகிறார்கள். முதலில், மறுப்பது யார் என்று கண்டுபிடிப்போம்.

பிரித்த ஃபோல்டரைத் திறந்து அந்த ஃபைல் இன்னும் அங்கேயே இருக்கிறதா, அதன் அளவு என்ன என்று பாருங்கள். சில சமயம் ஐகான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கிளிக் செய்த நொடியில் ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’க்குள் ‘வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன்’, அதற்குள் ‘ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் ஃபைலின் பெயர் அங்கே இருந்தால் மறுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. அவசரப்பட்டு ‘ரெஸ்டோர்’ கொடுக்காதீர்கள். கடைசிக் கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால், ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து ‘பிராபர்ட்டீஸ்’ போங்கள். ‘ஜெனரல்’ பக்கத்தின் அடியில், “இந்த ஃபைல் வேறொரு கணினியிலிருந்து வந்தது, பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டிருக்கலாம்” என்ற பொருளில் ஒரு வரியும், பக்கத்தில் ‘அன்பிளாக்’ என்று ஒரு சிறு கட்டமும் இருக்கிறதா? அதில் டிக் செய்து ‘ஓகே’ கொடுங்கள்.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. பிரவுசர் ஒரு ஃபைலை இறக்கும்போது, அதோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பையும் ஒட்டிவிடுகிறது. ‘சோன் ஐடென்டிஃபையர்’ என்று அதற்குப் பெயர். 2004-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. அந்தக் குறிப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே சில வரிகள்தான். அதில் முக்கியமானது ‘சோன் ஐடி’ என்ற வரியில் இருக்கும் எண். 0 என்றால் இந்தக் கணினியைச் சேர்ந்தது, 1 உள் வலையமைப்பு, 2 நம்பகமான தளம், 3 இணையம், 4 தடைசெய்யப்பட்ட தளம். உங்கள் ஃபைலில் 3 இருக்கும். ‘அன்பிளாக்’ செய்வது என்றால் அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடுவது.

இந்தக் குறிப்பு, விண்டோஸ் டிஸ்குகளில் வழக்கமாக இருக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த டிஸ்கில்தான் நிற்கும். பழைய ஃபேட் 32 பென் டிரைவுக்கு ஃபைலை மாற்றினால் உதிர்ந்துவிடும். “பென் டிரைவில் போட்டுத் திரும்ப எடுத்தேன், ஓடுகிறது” என்று சிலர் எழுதுவதற்குக் காரணம் இதுதான். அந்த வழியில் போக வேண்டாம். எதை நீக்குகிறோம் என்று தெரிந்தே நீக்குவது நல்லது.

நீங்கள் இறக்கியது ஜிப் என்பதால் இன்னொன்று. விண்டோஸின் சொந்த வசதியால் ஜிப்பைப் பிரித்தால், ஜிப்பில் ஒட்டியிருந்த குறிப்பு உள்ளேயிருந்து வரும் ஃபைல்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். நூறு ஃபைல் இருந்தால் நூறுக்கும் டிக் செய்துகொண்டிருக்க முடியுமா? பிரித்ததை அழித்துவிட்டு, முதலில் ஜிப்பை அன்பிளாக் செய்து, அப்புறம் புதிதாகப் பிரியுங்கள்.

இதற்குப் பிறகும் மறுத்தால் ‘பிராபர்ட்டீஸ்’ உள்ளேயே ‘செக்யூரிட்டி’ பக்கத்தைப் பாருங்கள். பழைய கணினியின் டிஸ்கைக் கழற்றி இதில் மாட்டியவர்களுக்கு இங்கே ஒரு விசித்திரமான பெயர் தெரியும்: ‘அக்கவுன்ட் அன்னோன்’, அதன் பக்கத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண். பழைய கணினியில் இருந்த கணக்கின் அடையாளம் அது. ஃபைல் இன்னமும் அந்தக் கணக்குக்கே சொந்தம். ‘அட்வான்ஸ்டு’ போய் ‘ஓனர்’ என்ற இடத்தில் உங்கள் கணக்கைக் கொடுத்து, பிறகு அந்தக் கணக்குக்கு அனுமதியும் கொடுத்தால் சரியாகிவிடும். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் கொடுத்துவிட்டால் விண்டோஸின் சொந்த ஃபைல்களுக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும். அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

‘நான்தானே அட்மின்’ என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே, அட்மின் கணக்கில் நுழைந்தாலும் நீங்கள் திறக்கும் மென்பொருள்கள் சாதாரண அதிகாரத்தோடுதான் ஓடுகின்றன. திரை மங்கி “இது மாற்றங்கள் செய்யலாமா?” என்று கேட்கும் பெட்டியில் ‘யெஸ்’ கொடுத்தால்தான் அந்த மென்பொருளுக்கு முழு அதிகாரம் கிடைக்கும். படத்தைச் சுருக்கும் மென்பொருளுக்கு அது எதற்கு? உங்கள் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால்தான் கொடுத்தும் பயனில்லாமல் போனது.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். மேக் வைத்திருக்கிறேன். இசைக் குறியீடு எழுதும் மென்பொருள் ஒன்றை நண்பன் ஜிப் செய்து அனுப்பினான். அவனுடைய மேக்கில் நன்றாக ஓடுகிறது. என்னுடையதில் “இந்த ஆப்பைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை” என்கிறது. செட்டிங்ஸில் ‘ஓப்பன் எனிவே’ என்ற பொத்தான் வரும் என்றார்கள். அதையும் காணோம்.

பதில்: தம்பி, பொத்தான் வராததே ஒரு நல்ல துப்பு. மேக் மறுக்கும்போது சொல்லும் வாசகங்கள் மேலோட்டமாக ஒன்றுபோல இருக்கும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு வேறு ஆள்.

“தயாரித்தவரைச் சரிபார்க்க முடியவில்லை”, “தீங்கு உள்ளதா என்று சோதிக்க முடியவில்லை” என்பதுபோல வந்தால், மறுப்பது கேட்கீப்பர். 2012-இல் இருந்து மேக்கில் இருக்கும் காவல்காரர். முன்பெல்லாம் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே கிளிக் செய்து ‘ஓப்பன்’ கொடுத்தால் வழிவிட்டுவிடுவார். 2024-இல் வந்த செக்கோயா என்ற மேக் பதிப்பில் அந்தக் குறுக்குவழி போய்விட்டது. இப்போது ஒரு முறை திறக்க முயன்றுவிட்டு, ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ என்று போய்க் கீழே இறங்கிப் பார்த்தால் ‘ஓப்பன் எனிவே’ இருக்கும். திறக்க முயன்ற பிறகு சுமார் ஒரு மணி நேரம்தான் அந்தப் பொத்தான் அங்கே இருக்கும். நேற்று முயன்றுவிட்டு இன்று தேடினால் கிடைக்காது.

“ஆப் பழுதாகியிருக்கிறது, குப்பைத்தொட்டிக்கு நகர்த்துங்கள்” என்று வந்தால் பெரும்பாலும் கையொப்பச் சிக்கல், அதாவது தயாரித்தவர் ஆப்பில் இட்ட டிஜிட்டல் முத்திரை பொருந்தவில்லை. டவுன்லோடு பாதியில் குலைந்திருக்கலாம், அல்லது ஆப்புக்குள் யாரோ கைவைத்திருக்கலாம். தயாரித்தவரின் தளத்திலிருந்து திரும்ப இறக்குங்கள். வேறு வித்தை தேட வேண்டாம்.

உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது வகை, “உங்களுக்கு அனுமதி இல்லை”. இங்கே கேட்கீப்பர் குற்றவாளி இல்லை என்பதால்தான் அவருடைய பொத்தானும் வரவில்லை.

மேக்கில் ஓர் ஆப் என்பது பார்ப்பதற்கு ஒரே ஐகான். உண்மையில் அது ஒரு ஃபோல்டர். அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்’ கொடுங்கள். உள்ளே ‘கன்டென்ட்ஸ்’, அதற்குள் ‘மேக் ஓஎஸ்’ என்ற ஃபோல்டர், அதற்குள் பெரும்பாலும் ஆப்பின் பெயரிலேயே ஒரு ஃபைல். அதுதான் இயந்திரம். மற்றதெல்லாம் படங்களும் ஒலிகளும் மொழிக் கோப்புகளும். அந்த ஃபைலின் ஐகானை உற்றுப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் சிறிய பச்சை எழுத்து இருந்தால் அது ஓடத் தயாராக இருக்கிறது. வெறும் வெள்ளைத் தாள்போல இருந்தால், ‘இது ஓடக்கூடியது’ என்ற அனுமதி அதிலிருந்து கழன்றுவிட்டது என்று பொருள். உங்களுடையது வெள்ளைத் தாளாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எப்படிக் கழன்றது? அந்த அனுமதி ஃபைலின் உள்ளடக்கத்தில் இல்லை. ஃபைலைப் பற்றி டிஸ்க் எழுதி வைத்திருக்கும் குறிப்பில் இருக்கிறது. மேக்கிலேயே சுருக்கி மேக்கிலேயே பிரித்தால் ஜிப் அதைச் சேர்த்தே கொண்டுவரும். நடுவில் விண்டோஸ் கணினியில் ஒரு முறை பிரித்துச் சுருக்கப்பட்டாலோ, சில பிரிக்கும் மென்பொருள்களின் கையில் பட்டாலோ உதிர்ந்துவிடும். நண்பர் அதை எந்த வழியாக அனுப்பினார் என்று கேட்டுப் பாருங்கள்.

தயாரித்தவரின் தளத்திலிருந்து நேராக டிஎம்ஜி ஃபைலாக இறக்கிக்கொள்வதுதான் நான் சொல்லும் வழி. டிஎம்ஜி ஒரு முழு டிஸ்கின் படிவம் என்பதால் அனுமதிகள் அப்படியே இருக்கும். நண்பரிடமிருந்து வந்த ஆப்பைவிட அது பாதுகாப்பானதும்கூட. அந்த மென்பொருள் இப்போது எங்கும் கிடைக்காது என்றால் மட்டும், கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலத்தில் சி, எச், எம், ஓ, டி என்ற ஐந்து எழுத்தை ஒட்டி அடியுங்கள். ஓர் இடைவெளி. கூட்டல் குறி, அதை ஒட்டி சிறிய எக்ஸ். மறுபடி ஓர் இடைவெளி விட்டு, அந்த வெள்ளைத் தாள் ஃபைலை இழுத்துவந்து டெர்மினலுக்குள் போடுங்கள். பாதை தானாக நிரம்பிக்கொள்ளும். என்டர் தட்டினால் ஒரு பதிலும் வராது. அப்படியென்றால் நடந்துவிட்டது. ஃபைண்டரில் திரும்பிப் பாருங்கள், ஐகான் கறுப்பாக மாறியிருக்கும்.

அதன் பிறகு கேட்கீப்பர் தன் பங்குக்கு மறிக்கலாம். அப்போது ‘ஓப்பன் எனிவே’ பொத்தானும் வரும். பயப்பட வேண்டாம், ஒரு கதவைத் தாண்டி அடுத்த கதவுக்கு வந்திருக்கிறீர்கள்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய கணினி மெதுவாகிவிட்டது என்று லினக்ஸுக்கு மாறிவிட்டேன். ஆப் இமேஜ் என்ற வடிவில் ஒரு மென்பொருளை இறக்கினேன். டபுள் கிளிக் செய்தால் ஒன்றுமே நடப்பதில்லை. டெர்மினலில் ஓட்டினால் ‘பர்மிஷன் டினைடு’ என்கிறது. சூடோ போட்டு 777 கொடுங்கள், எல்லாம் திறந்துவிடும் என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ஐயா, தயவுசெய்து செய்யாதீர்கள். சூடோ என்றால் ஒரு கட்டளையை முழு நிர்வாக அதிகாரத்தோடு ஓட்டுவது. 777 என்ன என்று கீழே சொல்கிறேன். நான் செய்து அனுபவப்பட்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நிரல் ஓட மறுத்தது. இரவு நேரம், வேலை முடிய வேண்டிய அவசரம். என் ஹோம் ஃபோல்டர் முழுவதற்கும், உள்ளே இருந்த எல்லாவற்றுக்கும், சூடோ போட்டு 777 கொடுத்தேன். நிரல் ஓடியது. மறுநாள் காலையில் வேலைக்கான சர்வருக்குள் நுழையப் போனால், தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்னை உள்ளே விடவில்லை. உங்கள் அந்தரங்கச் சாவி ஃபைலை எல்லோரும் படிக்க முடிகிறது, இந்தச் சாவியை ஏற்க மாட்டேன் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை. சாவிக்கு 600 கொடுத்து அதைச் சரிசெய்துவிட்டேன். ஆனால் மற்ற ஆயிரக்கணக்கான ஃபைல்களில் எது முன்பு ஓடக்கூடியதாக இருந்தது, எது படிக்க மட்டும் இருந்தது என்பதற்கு எந்தப் பதிவும் மிச்சமில்லை. ஃபோல்டர் ஃபோல்டராக உட்கார்ந்து சரிசெய்ய ஒரு முழு நாள் ஆனது. அந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நீங்கள் ஆசிரியர் என்பதால் கணக்கையே சொல்லிவிடுகிறேன். படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. கூட்டினால் 7. மூன்று இலக்கங்களில் முதலாவது ஃபைலின் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். ஆக 777 என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றி எழுதலாம், ஓட்டலாம். உங்களுக்குத் தேவை உங்கள் கணக்குக்கு அந்த ஒரே ஒரு 1.

டெர்மினலில் ஃபைல் பட்டியலை விரிவாகக் கேட்டால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பத்து எழுத்துகள் தெரியும். முதலாவது, ஃபைலா ஃபோல்டரா என்பதற்கு. பிறகு மும்மூன்றாக ஒன்பது: ஆர் படிக்க, டபிள்யூ எழுத, எக்ஸ் ஓட்ட. இல்லாத இடத்தில் கோடு. புதிதாக இறக்கிய ஃபைலில் பொதுவாக ஆர்-டபிள்யூ-கோடு, ஆர்-கோடு-கோடு, ஆர்-கோடு-கோடு என்று இருக்கும். எக்ஸ் எங்குமே இல்லை. இணையம் வழியாக உள்ளடக்கம்தான் வருகிறது, அனுமதி கூடவே வருவதில்லை. ஓட்டும் உரிமையை உங்கள் கையால் கொடுக்கட்டும் என்று உங்கள் கணினி காத்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் எவ்வளவு நல்ல ஏற்பாடு!

செய்ய வேண்டியது சிறிதுதான். ஃபைல்மேல் ரைட் கிளிக், ‘பிராபர்ட்டீஸ்’, அதில் ‘எக்ஸிகியூட்டபிள் ஆஸ் புரோகிராம்’ என்ற சுவிட்ச். கொஞ்சம் பழைய பதிப்பென்றால் ‘பர்மிஷன்ஸ்’ பக்கத்தில் ஒரு டிக் கட்டமாக இருக்கும். சூடோ வேண்டாம், கடவுச்சொல்லும் கேட்காது. சுவிட்சைப் போட்டாலும் பழையபடி அணைந்துகொண்டால், ஃபைல் பென் டிரைவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேட் வகை டிரைவில் இந்த அனுமதிகளை எழுதி வைக்க இடமே கிடையாது. ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு முயலுங்கள்.

ஆப் இமேஜை சூடோ போட்டு ஓட்டுவதும் கூடாது. அது உங்கள் ஹோம் ஃபோல்டரில் எழுதும் அமைப்பு ஃபைல்கள், முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கின் பெயரில் போய்விட்டால், அடுத்த முறை நீங்கள் சாதாரணமாகத் திறக்கும்போது அவற்றில் எழுத முடியாமல் புதிதாக ஓர் அனுமதிப் பிழை முளைக்கும்.

எக்ஸ் கொடுத்த பிறகு செய்தி மாறி, ‘ஃப்யூஸ்’ என்ற சொல்லோடு வேறு பிழை வந்தால் அது அனுமதிப் பிரச்சினை இல்லை. உபுன்டு என்ற லினக்ஸ் வகையில் 22.04 பதிப்பு முதல் லிப்ஃப்யூஸ் 2 என்ற துணைத்தொகுப்பு முன்கூட்டியே நிறுவப்படுவதில்லை. பல ஆப் இமேஜ்களுக்கு அது தேவை. எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், எப்படி நிறுவுவது என்று சொல்கிறேன்.

கேள்வி: அலுவலக மடிக்கணினியில் “உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் இந்த ஆப்பைத் தடுத்துள்ளார்” என்று வருகிறது. தாண்டுவதற்கு வழி உண்டா மேடம்?

பதில்: இங்கே மறுப்பவர் ஒரு மனிதர், அவரிடமே கேட்கலாம். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், தயாரித்தவரின் தள முகவரி, எந்த வேலைக்கு வேண்டும், அது இல்லாமல் இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஐந்து வரி எழுதி அனுப்புங்கள். “இந்த ஆப் ஓடவில்லை” என்று ஒரே வரியில் போகும் கோரிக்கைகள்தான் கிடப்பில் போய்விடுகின்றன. தாண்டும் வழியை நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் கணினி இல்லை.

கேள்வி: கட்டண மென்பொருள் ஒன்றின் இலவசப் பிரதி கிடைத்தது. திறந்தால் ‘ஆக்சஸ் டினைடு’. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத் திறக்கச் சொல்லி அதோடு வந்த குறிப்பிலேயே இருக்கிறது. பிரதி நம்பகமானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அந்தக் குறிப்பே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. காவலை அனுப்பிவிட்டு என்னை உள்ளே விடு என்று கேட்கும் ஒன்றை அழித்துவிடுங்கள். ஒரு தடவை திறந்துவிட்டீர்கள் என்றால் அது உங்கள் பெயரில், உங்கள் அதிகாரத்தில் ஓடும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொல்லும் குடும்பப் படங்களும் அதன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஏற்கெனவே அணைத்துத் திறந்து பார்த்திருந்தால், ஆன்டிவைரஸை மறுபடி போட்டு முழுச் சோதனை ஓட்டுங்கள். வேறொரு கணினியிலிருந்து முக்கியமான கடவுச்சொற்களை இன்றே மாற்றிவிடுங்கள்.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. கையொப்பம் வாங்க வசதியில்லாத சிறு தயாரிப்பாளர்கள் நேர்மையாக எழுதும் நல்ல மென்பொருள்களும் உண்டு, அவற்றையும் கணினி மறிக்கும். அதனால் எல்லோருக்குமாகவே பதில் சொல்கிறேன்.

பல தயாரிப்பாளர்கள் டவுன்லோடு பக்கத்திலேயே ‘ஷா 256’ என்று தலைப்பிட்டு 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட சரத்தைக் கொடுத்திருப்பார்கள். ஃபைலின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரே ஒரு புள்ளி மாறினாலும் இந்தச் சரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். உங்கள் கணினியில் இறங்கிய ஃபைலுக்கும் அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’, மேக்கில் ‘ஷாசம்’, லினக்ஸில் ‘ஷா256சம்’ என்ற கட்டளைகள் கூடவே வருகின்றன. எதையும் புதிதாக நிறுவ வேண்டாம்.

முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கும் ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். தளத்தில் இருப்பதை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அதற்கு நேர் கீழே உங்கள் கணினி சொன்னதை ஒட்டுங்கள். ஒரே எழுத்து அகலம் உள்ள ஃபான்ட்டில் இரண்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். 64-ஐயும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒத்துப்போனால், தயாரித்தவர் வெளியிட்ட அதே ஃபைல் வழியில் குலையாமல் உங்களிடம் வந்திருக்கிறது என்று பொருள். தயாரித்தவர் நல்லவரா, அவருடைய தளத்தையே யாராவது கைப்பற்றியிருக்கிறார்களா என்பதை இந்தச் சரம் சொல்லாது. அதற்கு அவர் எத்தனை காலமாக இந்த மென்பொருளைப் பராமரிக்கிறார், குறைகள் வந்தால் பதில் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். முதல் கேள்வி கேட்ட வாசகிக்கும் இதேதான். ‘ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் உங்கள் ஃபைல் இருந்தால், தளத்தில் சரம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் இறக்கிய ஜிப்போடு ஒப்பிட்டுவிட்டு, ஆன்டிவைரஸ் அதற்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். அதுவரை அந்த ஃபைல் ஆன்டிவைரஸ் பிடியிலேயே இருக்கட்டும்.